மழைக்காலப் பாசறை

மார்கழி விடுமுறையில் துவிச்சக்கர வண்டியேறி மலைநாட்டுக்குப் போய்க் கூடாரமடித்துத் தங்கப்போகிறோம் என்று சொன்னபோது, வீட்டார் வானத்தை ஒருமுறை பார்த்தனர். பின்னர் என்னையும் ஒருமுறை பார்த்தனர். வேறொன்றும் சொல்லவில்லை. 2019 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரம் அது. பல்கலைக்கழக விடுதியில் ஒன்றாகக் காலங்கழித்த நண்பர் நால்வர், ஆளுக்கொரு பாடசாலையில் ஆண்டு முழுவதும் நேரசூசிக்கும் சுற்றுநிருபத்துக்கும் அடங்கிக் கிடந்த பின்னர், மூன்று நாளாவது மணியோசை கேளாதிருக்க விரும்பினோம். பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைக்கும், அங்கிருந்து தேயிலைத் தோட்டங்களினூடே தம்பேதன்னைக்கும் வண்டியிற் செல்வது. அதன்மேல், லிப்டன் துரை அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் மலைமுகட்டுக்குக் கால்நடையாக ஏறுவது. இதுவே திட்டம்.

மழை பெய்யும் என்பது எமக்குத் தெரியாததன்று. எம்மில் ஒருவர் புவியியல் ஆசிரியர். மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவை நனைக்கும். ஹற்றனிற் குடை விரியும் அந்நாட்களில் ஊவாவில் வெயில் எறிக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வங்காள விரிகுடாவிலிருந்து வரும் வடகீழ்ப் பருவக்காற்றோ, பதுளைப் பக்கத்துச் சரிவிலே மோதி, மேலெழுந்து குளிர்ந்து, மழையாகக் கொட்டும். ஆகவே நாம் தெரிந்தெடுத்த காலமும் இடமும் மழைக்கென்றே பொருந்தியவை. இதனைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்து காட்டியவர் அந்நண்பர். ஓகஸ்ட் விடுமுறையிற் போயிருக்கலாமே என்றால், அப்போது மேலதிக வகுப்பு என்பார்.

அப்புத்தளையை அடையுமுன்னரே நனைந்துவிட்டோம். நனைவது பெரிய காரியமன்று; நனைந்தபடியே நிற்பதுதான் காரியம். இதைச் சற்று விளக்குவது நன்று. ஆயிரம் மீற்றர் உயருந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறைகின்றது. அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,430 மீற்றர் உயரத்தில் உள்ளது. நாம் ஏறக் கருதிய முகடு அதற்கும் மேலே. கொழும்பில் மழையில் நனைந்தவர் துவட்டிக்கொண்டால் தீர்ந்தது. மலையில் அவ்வாறன்று. உடம்புக்கும் உடைக்கும் இடையே சிறைப்பட்டிருக்கும் காற்றே நம்மைக் கதகதப்பாக வைத்திருப்பது. பருத்தித்துணி நனைந்ததும் அக்காற்றுப் போய், அவ்விடத்தில் நீர் வந்து சேர்கின்றது. நீரோ காற்றினும் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. அதன்மேற் காற்றும் வீசினால், ஆவியாகும் ஒவ்வொரு துளியும் உடம்பின் சூட்டையே கூலியாகப் பெற்றுச் செல்லும். வண்டி மிதிக்கும்வரை தசைகள் சூட்டைப் பிறப்பித்துக்கொண்டிருப்பதால் இக்கொள்ளை தெரிவதில்லை. ஓய்வெடுக்க நின்றவுடன் தெரியும்.

எமக்கு அது தெரிந்த விதம் வேறு. எங்கள் கூட்டத்தில் ஒரு பண்டிதர் உண்டு. உணவருந்தும்போதும் இலக்கணம் பேசுபவர். தம்பேதன்னைக்குச் செல்லும் வீதியில் நாலாவது மைலளவில் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். முதலில் நாங்கள், உண்மையைச் சொன்னால், மகிழ்ச்சியே அடைந்தோம். பின்னர் அவர் சட்டைப் பொத்தானைப் பூட்ட முயன்று முயன்று தோற்பதைக் கண்டோம். நடுக்கம், விரல் தடுமாற்றம், காரணமில்லாச் சினம் அல்லது மௌனம், குழறும் நா ஆகியன உடலின் உள்வெப்பம் 35 பாகையை நோக்கி இறங்குவதன் அடையாளங்கள். உடல் சூடேறாமலே நடுக்கம் மட்டும் நின்றுபோனால் நிலைமை அதனினும் மோசம். அவரை ஒரு தேநீர்க்கடையில் இருத்தி, ஈர உடைகளைக் களைந்து, பொலித்தீன் பையிற் கட்டி வைத்திருந்த உலர்ந்த சாரத்தையும் கம்பளிச் சட்டையையும் அணிவித்து, சீனி நிறைந்த தேநீரைச் சிறிது சிறிதாகப் பருகச் செய்தோம். கடையிலிருந்த ஒருவர் சாராயம் தரலாமென்றார், தவிர்த்தோம். சாராயம் தோலிலுள்ள குருதிக் குழாய்களை விரித்து, எஞ்சியிருக்கும் சூட்டையும் வெளியேற்றிவிடும். சூடு ஏறியதுபோன்ற உணர்வு மாத்திரமே அதனால் வருவது. மழைப் பயணத்துக்கு எத்தனை பொருள் கொண்டுபோனாலும், என்ன நேர்ந்தாலும் இரவுவரை பிரிக்கப்படாத ஓர் உலர்ந்த உடை ஆளுக்கு ஒன்று இல்லையேல் மற்றவையெல்லாம் வெறுஞ் சுமையே.

இவ்வாறு இரண்டு மணித்தியாலம் கழிந்தது. முகடு அன்று கிட்டாது என்பது தெளிவு. ஒரு தோட்டத்தில் அனுமதி கேட்டு, லயன்களுக்குச் சிறிது தொலைவில், தேயிலைச் சரிவின் அடியில் ஒரு சமதரையைக் கண்டோம். பின்னால் மண்மேடு காற்றை மறைத்தது; அருகே ஓர் ஊற்று; புல்லும் மெத்தென்றிருந்தது. இதனினும் சிறந்த இடம் உண்டோ என்று முளைகளை அடிக்கத் தொடங்கினோம்.

அப்போது கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த முதிய அம்மையார் ஒருவர் எங்களருகே வந்து நின்றார்.

"ஐயா, இந்த இடம் வேணாங்க. ஊத்துத் தண்ணிய பாத்தீங்களா? நேத்துவரைக்கும் தெளிவா இருந்திச்சு. இன்னைக்குக் கலங்கி வருது."

"மழைக்குக் கலங்குவது இயல்புதானே அம்மா?" என்றார் புவியியல் ஆசிரியர்.

"மேல வந்து பாருங்க" என்று மட்டும் சொல்லி, அவர் முன்னே நடந்தார்.

மேட்டின் மேலே, தேயிலை நிரைகளுக்குக் குறுக்காக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. கைவிரல் நுழையும் அகலம். அதனருகே நின்ற சவுக்கு மரமொன்று சற்றே சாய்ந்திருந்தது.

நேயர்களுக்கு மீரியபெத்த என்ற பெயர் நினைவிருக்கும். அதே மலைத்தொடரின் தென்புறச் சரிவில், கொஸ்லந்தைக்கு அருகே, 2014 ஒக்ரோபர் 29 ஆம் நாட் காலையில் மலை இறங்கி வந்து தோட்டத் தொழிலாளரின் லயன்களைப் புதைத்தது. அவ்வம்மையாருக்கு அது செய்தியன்று. உறவினரை அங்கே இழந்தவர் அவர். மழைநீர் மண்ணின் நுண்டுளைகளை நிரப்பும்போது மண்ணின் பாரம் கூடுகின்றது; அதே வேளையில், மண்மணிகளை ஒன்றோடொன்று இறுகப் பற்றவைத்திருந்த உராய்வோ குறைகின்றது. புதிய வெடிப்பு, சாயும் மரமும் கம்பமும், திடீரெனத் தோன்றும் ஊற்று, தெளிந்த ஊற்றுக் கலங்குதல் அல்லது வற்றுதல், வீட்டுக் கதவு இறுகி மூட மறுத்தல், இவையெல்லாம் மலை அசைவதற்கு முன் தரும் அறிவித்தல்கள். 24 மணித்தியாலத்திற் பெய்த மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருக்கவும், 100 ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகவும், 150 ஐத் தாண்டினால் வெளியேறவும் வேண்டுமென்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைமுறை. மலைநாட்டிற் சமதரை சும்மா கிடைப்பதில்லை. யாரோ வெட்டியோ நிரப்பியோ உண்டாக்கியது. அன்றேல் முன்பொருகால் மலை சரிந்து வந்து தங்கிய மண். கூடாரத்துக்கு அழகாயிருப்பதே அதன் ஐயத்துக்குரிய குணம்.

நாங்கள் முளைகளைப் பிடுங்கினோம். தோட்டத் தலைவரிடம் சொல்லிக் கோயிற் கொட்டகையைத் திறந்துவித்தவரும் அவ்வம்மையாரே. தகரக் கூரையில் விடியும்வரை மழை அறைந்தது. பண்டிதருக்குப் பேச்சு மீண்டது. நான் உறங்கவில்லை. அந்த வெடிப்புக்குக் கீழே, எங்களைப்போல் இடம் மாறிப் போக வழியில்லாமல், வரிசையாக லயன்கள் இருந்ததை விளக்கு வெளிச்சத்திற் கண்டிருந்தேன். வெடிப்பைப் பற்றித் தோட்ட நிர்வாகத்துக்கு இருமுறை சொல்லியிருப்பதாகத் தலைவர் கூறினார். காலையில் எங்கள் நால்வர் ஒப்பத்துடன் கிராம உத்தியோகத்தருக்கு ஒரு கடிதம் எழுதி அவரிடம் கொடுத்தோம். விடுமுறையில் நாங்கள் எழுதிய ஒரே எழுத்து அதுதான்.

மேடு அன்றிரவு சரியவில்லை. சமதரை அப்படியே இருந்தது. வீணாக அஞ்சினோம் என்று எங்களில் ஒருவர் சொல்ல, அம்மையார் மறுமொழி கூறாது தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

முகட்டைக் காணாமலே திரும்பினோம். இறக்கத்தில் பெரும்பாலும் வண்டிகளை உருட்டிக்கொண்டே நடந்தோம். நனைந்த சக்கர விளிம்பில் பிறேக் கட்டைகள் முதலில் நீரைத்தான் துடைக்கும். சக்கரம் சில சுற்றுச் சுற்றிய பின்னரே பிடிக்கும். அச்சில சுற்றுக்குள் வளைவு வந்துவிடும். புறப்படுமுன் அம்மையாரிடம் சிறிது பணம் நீட்டினோம். வாங்க மறுத்தவர், ஏழாம் வகுப்பிற் படிக்கும் பேரனுக்கு ஒரு தேசப்படப் புத்தகம் கிடைக்குமா என்று கேட்டார். பாடசாலை திறந்ததும், ஜனவரியில், புவியியல் ஆசிரியர் தமது சொந்தப் பிரதியையே தபாலில் அனுப்பிவைத்தார்.