மரியாதை தானாக வருமா?

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதையே தெரியலை!" இப்படி அலுத்துக்கொள்ளாத வீடு உண்டா, சகோதரிகளே?

நான் கேட்கிறேன், அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் தானாகவா தெரிந்தது? பெருவாயின் முள்ளியார் ஆசாரக்கோவையில் 100 வெண்பா பாடியதே, சொல்லிக் கொடுத்தால்தான் வரும் என்பதால்தானே? அதில் பல விதிகள் இன்றைக்குப் பொருந்தா. ஆனால் விருந்தினர், முதியோர், குழந்தைகளுக்குக் கொடுத்த பிறகே தான் உண்ண வேண்டும் என்கிறாரே, அதன் சாரம் பழசாகவில்லை. பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார் என்ற நினைப்புதான் அது. பஸ்ஸில் செல்போனை அலறவிடும் பையனிடம் இல்லாததும் அதுவே.

என் வருத்தம் வேறு. நம் வீடுகளில் இந்தப் பாடமெல்லாம் பெண்ணுக்கு மட்டும்தான். "மெல்லப் பேசு, தலை குனிஞ்சு நட" என்று வளர்த்துவிட்டு, வேலைக்கான இன்டர்வியூவில் அவள் வாயே திறக்கவில்லையே என்று தவித்தால் எப்படி? அடக்கம் வேறு, அச்சம் வேறு. நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரே இருப்பவர் முகம் பார்த்துத் தெளிவாகப் பதில் சொல்வதும் மரியாதைதான்.

பையனுக்கும் பாடம் உண்டு. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கட்டும். பரிமாறியவரிடம் "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.

இதற்குத் தனி வகுப்பு வேண்டாம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம், கணவரும் நாமும் எப்படிப் பேசிக்கொள்கிறோம் என்பதைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். இன்று ராத்திரி சாப்பாட்டு வேளையிலிருந்தே ஆரம்பிக்கலாமே!