பனி உருகும் முன்னே...

மார்ச் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை. இருட்டத் தொடங்கிவிட்டது. ஸ்வீடன் தேசத்தில் மோரா என்ற சிற்றூரின் வீதியில் ஜனங்கள் நின்று கை தட்டிக்கொண்டிருக்கிறார்கள். யாருக்காக என்கிறீர்களா? காலை எட்டு மணிக்குப் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் இன்னும் வந்துகொண்டேயிருக்கிறார்களே, அவர்களுக்காகத்தான்! ஜயித்தவர் கழுத்தில் மாலை விழுந்து வெகு நேரமாயிற்று. இப்போது வருகிறவர்களுக்கு மாலையும் இல்லை, பரிசுப் பணமும் இல்லை.

இதற்கு வாஸலொப்பெட் என்று பெயர். ஸாலென் என்ற ஊரிலிருந்து மோரா வரை 90 கிலோமீட்டர். ஏறக்குறைய 56 மைல். 1520-21 குளிர்காலத்தில், டென்மார்க் மன்னனின் ஆட்களுக்குத் தப்பி ஓடிய குஸ்தாவ் வாஸாவை மோராக்காரர் இருவர் சறுக்கிச் சென்று பிடித்துத் திரும்ப அழைத்து வந்தார்களாம். அவர் 1523-ல் மன்னரானார். அந்தக் கதையின் ஞாபகமாக 1922-ல் ஆரம்பித்த பந்தயம் இது.

அதில் கலந்துகொள்கிற ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்றவர்கள்தான். ஆசிரியை, நர்ஸ், காரியாலயக் குமாஸ்தா. ஜயிப்போம் என்ற நினைப்பு சொப்பனத்திலும் கிடையாது.

அப்படி ஒரு ஆசிரியையின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். இலையுதிர் காலத்தில், பனி விழுவதற்கு முன்பே, சக்கரம் வைத்த கட்டைகளோடு தார் ரோட்டில் பழகத் தொடங்கிவிட்டீர்கள். பிறகு டிசம்பர். பிற்பகலிலேயே சூரியன் விடைபெற்றுவிடுகிறான். வீட்டு வேலையை முடித்துக்கொண்டு, காட்டுக்குள் மின்விளக்குப் போட்ட தடத்தில் ஒரு மணி நேரம். திரும்பி வந்தால் கண்ணிமையில் பனி!

இன்னொரு சங்கடம், மெழுகு. கட்டையின் அடியில் காலுக்கு நேரே அதைத் தடவ வேண்டும். இல்லாவிட்டால் மேட்டில் ஏறும்போது பின்னுக்கு வழுக்கும். குளிர்ந்த பனிக்கு ஒரு மெழுகு, ஈரப் பனிக்கு வேறொன்று. வெயிலையும் மழையையும் பார்த்து இட்லி மாவுக்கு நாள் கணக்குப் போடுகிற நமக்கு இது புரியாதா? மார்ச் மாதத்திலோ காலையில் இறுகிக் கிடக்கும் பனி மத்தியானம் இளகிவிடும். காலையில் தடவிய மெழுகு மாலையில் காலை வாரிவிடும்.

வழியில் ஏழு இடங்களில் தங்கல். நாவல் பழ நிறத்தில், புளூபெர்ரி என்ற காட்டுப் பழத்தில் காய்ச்சிய சூடான கஞ்சியைக் கோப்பையில் கொடுப்பார்கள். ஆனால் அங்கேயே ஒரு எமனும் காத்திருக்கிறான்: கயிறு! குறித்த நேரம் கடந்ததும் தடத்தின் குறுக்கே கயிற்றைக் கட்டிவிடுவார்கள். பிந்தி வந்தவருக்கு அந்த வருஷத்துப் பருவம் அங்கேயே முடிந்தது. பிறகு பஸ்ஸில் போக வேண்டியதுதான்.

ஆனால் நேரத்தில் வந்து சேர்ந்த பிறகும் ஒருத்திக்குக் கயிறு கட்டினார்கள். அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

அவர் மார்கித் நோர்டின். கிரேங்கெஸ்பெரி என்ற ஊரில் தேகப்பயிற்சி ஆசிரியை. 1923-ல், இரண்டாவது பந்தயத்திலேயே, ஆண்களோடு ஆணாக 90 கிலோமீட்டரையும் கடந்து மோராவுக்கு வந்து சேர்ந்தார். ஆன நேரம் 10 மணி 9 நிமிஷம் 42 விநாடி. அந்தப் பந்தயத்தை முடித்த முதல் பெண் அவரே. நல்லபடியாக வந்து சேர்ந்தவரைப் பார்த்து உலகம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அடுத்த வருஷமும் வா, அம்மா" என்றுதானே?

அடுத்த வருஷம், 1924-ல், பெண்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று தடை வந்தது! இவ்வளவு சிரமம் பெண் உடம்புக்கு ஆகாதாம். பத்து மணி நேரம் பனியில் சறுக்கி வந்த உடம்பு கண்ணெதிரே நிற்கும்போதே இந்தத் தீர்ப்பு. (விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் அதே உடம்பு ஆகும் போலிருக்கிறது.)

தடை ஒரு வருஷமா, இரண்டு வருஷமா? 1981 வரையில் நீடித்தது. இடையில் சில பெண்கள் ஆண் வேஷம் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகச் சறுக்கிப் போனார்கள். பருவம் முடியும்போது எல்லா அமெச்சூர் வீரர்களும் கட்டையைத் துடைத்துப் பரணில் வைத்துவிட்டு, "இந்த வருஷம் போகட்டும், வருகிற வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொள்வார்கள். அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை மட்டும் பெண்களுக்கு ஐம்பத்தேழு வருஷம் இல்லாமல் இருந்தது. நேரம் பிந்தியது, மெழுகு தவறியது என்று தன்னையே நொந்துகொள்வது ஒரு வருத்தம். சரியாக ஓடி முடித்த பிறகும் வாசல் சாத்தப்படுவது வேறு வகை வருத்தம் இல்லையா?

1988 முதல் பெண்களுக்கென்றே 30 கிலோமீட்டர் பந்தயம் ஒன்றும் நடக்கிறது. மோராவில் முடிவு வளைவின் மேல், "தந்தையர் தடத்தில், வருங்கால வெற்றிகளுக்காக" என்ற பொருளில் ஒரு வாசகம் உண்டு. பெண்கள் பந்தயத்திலோ அதைக் கொஞ்சம் மாற்றி, "தாய்மார் தடத்தில்" என்று போட்டுக்கொண்டார்கள்!

அதோ, இன்னொருத்தி வளைவைத் தாண்டுகிறாள். கால் நடுங்குகிறது, உதட்டோரத்தில் புளூபெர்ரிக் கறை. வீட்டுக்குப் போனதும் மெழுகைச் சுரண்டித் துடைக்க வேண்டும். காலையில் வேலைக்குப் போயாக வேண்டும். கையுறையைக் கழற்றிக்கொண்டே அவள் பக்கத்தில் இருப்பவளிடம் முதலில் கேட்பது, அடுத்த வருஷத்துக்குப் பெயர் பதிவு என்றைக்கு என்பதுதான்.