திருநெல்வேலிச் சீமையில் பண்ணையடிமை முறை

திருநெல்வேலிச் சீமையில் பண்ணையடிமை முறை என்பது, 1843ஆம் ஆண்டின் இந்திய அடிமைமுறைச் சட்டத்துக்கு முன்னர், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் உழவுத் தொழிலாளர் நிலவுடைமையாளருக்குப் பரம்பரை அடிமைகளாக இருந்த முறையைக் குறிக்கும். (இன்றைய தூத்துக்குடி மாவட்டம் 1986இல் பிரிக்கப்படும் வரை இதன் பகுதியாகவே இருந்தது.) இம்முறை மாவட்டம் முழுவதிலும் ஒரே அளவில் நிலவவில்லை. தாமிரபரணிப் பாசன ஊர்களில் அது ஆழ வேரூன்றியிருந்தது. விளாத்திகுளம், எட்டையபுரம் பக்கத்துக் கரிசல் காட்டிலும், வேம்பார் முதலிய கடற்றுறைகளிலும் மிகக் குறைவாகவே காணப்பட்டது.

அடிமைமுறையில் வட்டார வேறுபாடு என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஐக்கிய அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் ஆகும். அங்கே பருத்தி விளைந்த தென் மாநிலங்கள் அடிமை நிலங்களாக இருந்தன. திருநெல்வேலியிலோ நிலைமை நேர்மாறானது. பருத்தி விளைந்த நிலத்தில் பண்ணையடிமைகள் அரிது. அடிமைகள் இருந்தது நெல் விளைந்த நிலத்தில்.

நன்செய்ப் பகுதி

அம்பாசமுத்திரம் தொடங்கித் திருவைகுண்டம் வரை தாமிரபரணிக் கால்வாய்களால் பாசனம் பெற்ற ஊர்களில் நிலம் பெரும்பாலும் பிராமணர், வேளாளர் ஆகியோரின் உடைமையாக இருந்தது. இவர்களுள் பலர் ஏர் பிடிப்பதைத் தம் தகுதிக்கு இழுக்காகக் கருதினர். உழவு, நடவு, களையெடுப்பு, அறுவடை ஆகியன எல்லாம் பள்ளர், பறையர் ஆகிய சாதியினரைக் கொண்டே நடைபெற்றன. பள்ளர் எனப் பழைய ஆவணங்கள் குறிப்பிடுவோர் 2021 முதல் அரசு ஆவணங்களில் தேவேந்திரகுல வேளாளர் எனப்படுகின்றனர்.

ஆற்றுப் பாசன ஊர்களில் கார், பிசானம் என இரு போகம் விளைந்தது. நடவுக்கும் அறுப்புக்கும் சில நாட்களுக்குள் ஏராளமான ஆட்கள் தேவைப்பட்டனர். நடவு தப்பினால் போகமே தப்பும். எனவே, ஆண்டு முழுவதும் ஊரைவிட்டு அகலாத ஆட்களை வைத்திருப்பது உடைமையாளருக்கு ஆதாயமாக இருந்தது. ஆற்றுநீர் ஏறத்தாழ உறுதியானது என்பதால், அவர்களுக்கு ஆண்டு முழுவதும் நெல் அளப்பதற்கும் இயன்றது.

அடிமைகளுக்கு நாட்கூலி நெல்லாக அளக்கப்பட்டது. அறுவடையின்போது களத்தில் ஒரு பங்கும் கிடைத்தது. குடியிருந்த சேரி மனை உடைமையாளருக்கு உரியது. திருமணச் செலவை ஆண்டை ஏற்பதும் வழக்கம். வெளிப்பார்வைக்கு ஆதரவாகத் தோன்றும் இச்செலவே, அந்தத் திருமணத்தில் பிறக்கும் பிள்ளைகளின் உழைப்பின்மீது ஆண்டை உரிமை கோருவதற்கும் அடிப்படையாயிற்று. நிலம் கைமாறும்போது ஆட்களும் சேர்ந்து கைமாறினர். நிலத்திலிருந்து பிரித்து ஆட்களை விற்றதற்கும் அடகு வைத்ததற்கும் ஓலை ஆவணங்கள் உள்ளன.

பஞ்ச காலத்தில் பிற சாதியினரும் அடிமைப்பட்டதுண்டு. 1201ஆம் ஆண்டின் திருப்பாம்புரம் கல்வெட்டு, பஞ்சத்தில் வேளாளர் ஒருவர் தம் இரு மகள்களோடு 110 காசுக்குத் தம்மைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைக் கூறுகின்றது. ஆனால் தலைமுறை தலைமுறையாக வயலோடு பிணைக்கப்பட்டவர்கள் மேற்கூறிய சாதியினரே.

கரிசல் பகுதி

வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள கரிசல் நிலம் மழையை மட்டும் நம்பியது. பருத்தியும் கம்பும் சோளமும் அங்கு விளைந்தன. ஆண்டுக்கு ஒரு வெள்ளாமை; அதுவும் உறுதியில்லை. மழை பொய்த்த ஆண்டில் ஆட்களுக்குச் சோறு போடுவது உடைமையாளருக்குச் சுமையாக இருந்திருக்கும். குடும்பத்தினரே உழுது விதைத்தனர். களையெடுப்பு, பருத்தி எடுப்பு ஆகிய காலங்களில் மட்டும் கூலிக்கு ஆள் வைத்தனர். இப்பகுதி நெடுங்காலம் பாளையக்காரர் ஆட்சியில் இருந்தது. நாயக்கர், ரெட்டியார், மறவர் முதலிய உழுகுடிகள் இங்கு மிகுதி.

திருநெல்வேலியின் வேளாண் வரலாற்றை ஆராய்ந்த டேவிட் லட்டன், இம்மாவட்டத்தை நன்செய், புன்செய், இரண்டும் கலந்த பகுதி என மூன்றாகப் பிரித்தே நோக்குகின்றார். கலப்புப் பகுதியில் குளத்துப் பாசனம் இருந்தது.

கரிசல் பகுதியைச் சமத்துவ நாடு எனக் கொண்டுவிடக் கூடாது. தீண்டாமையும் ஊரோடு கட்டிய சாதித் தொழிலும் அங்கும் இருந்தன. ஒருவரை எழுதி விற்கும் உடைமையாகக் கருதும் வழக்கம் குறைவு என்பதே வேறுபாடு.

வேம்பாரும் கடற்கரையும்

வேம்பார், முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவர் வாழும் ஏழு ஊர்களுள் வடகோடியில் உள்ளது. 1530களில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடிய பரதவர் கத்தோலிக்கராயினர். 1658இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் வசமாயிற்று. பின்னர் ஆங்கிலேயரிடம் வந்தது.

முத்துக்குளிப்பில் ஊதியம் பங்கு முறையில் அமைந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளிப்பவருக்கும் என்பது வழக்கம். தம் பங்கைக் குளிப்பவர் கரையிலேயே விற்றுக் காசாக்கிக்கொண்டனர். மூச்சடக்கி, கல்லைப் பிடித்துக்கொண்டு பல பாகம் ஆழத்துக்கு இறங்கும் வேலை இது; அடியில் யாரும் கண்காணிக்க முடியாது. பங்கு கொடுத்து வேலை வாங்குவதே இங்கு நடைமுறைக்கு உகந்ததாக இருந்திருக்கும் எனலாம். எனினும் முன்பணக் கடன் கடற்கரைக்கும் புதிதன்று.

அடிமை ஏற்றுமதியோடும் தமிழகக் கடற்கரைக்குத் தொடர்பு உண்டு. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதி போராலும் பஞ்சத்தாலும் சீரழிந்தபோது, ஒல்லாந்தர் ஆயிரக்கணக்கானோரை விலைக்கு வாங்கி, நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்கள் வழியாக இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றினர்.

மாகாணத்தின் பிற பகுதிகள்

இதே வேறுபாடு சென்னை மாகாணம் முழுவதிலும் பெரிய அளவில் காணப்பட்டது. தமிழ் மாவட்டங்கள், மலபார், கன்னடம் ஆகியவற்றில் உழவுத் தொழிலாளருள் பெரும்பகுதியினர் அடிமை நிலையில் இருந்ததையும், தெலுங்கு மாவட்டங்களில் அவர்கள் பெரும்பாலும் கட்டற்றவர்களாக இருந்ததையும் வருவாய் வாரியம் 1818இல் பதிவு செய்தது. மறு ஆண்டு மாவட்ட ஆட்சியர்களின் அறிக்கைகளும் திரட்டப்பட்டன. மலபாரில் செறுமர் நிலத்திலிருந்து தனியே விற்கப்பட்டனர், அடகு வைக்கப்பட்டனர், வாடகைக்கும் விடப்பட்டனர். தஞ்சாவூரில் பண்ணையாள் முறை வலுவாக இருந்தது.

நிலமற்ற தொழிலாளர் வகுப்பு ஆங்கிலேய ஆட்சியால்தான் உருவாயிற்று என்ற கருத்து ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அவ்வகுப்பு அதற்கு முன்னரே சாதி முறையோடு பிணைந்து இருந்தது என்பதைத் தர்மா குமார் 1965இல் வெளியிட்ட தம் நூலில், இத்தகைய பதிவுகளைக் கொண்டே நிறுவினார்.

1843ஆம் ஆண்டுச் சட்டம்

பிரித்தானிய நாடாளுமன்றத்தின் 1833ஆம் ஆண்டு அடிமை ஒழிப்புச் சட்டம், கிழக்கிந்திய நிறுவனத்தின் ஆட்சிப் பகுதிகளையும் இலங்கையையும் விலக்கி வைத்தது. பிற குடியேற்றங்களில் உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கப்பட்டது. இந்தியாவில் சட்ட ஆணையம் 1841இல் அறிக்கை அளித்தது. 1843 ஏப்ரலில் ஐந்தாம் எண் சட்டம் இயற்றப்பட்டது.

இச்சட்டம் அடிமைகளை விடுவிப்பதாக நேரடியாக அறிவிக்கவில்லை. அடிமை என்ற உரிமையை எந்த நீதிமன்றமும் அலுவலரும் நிலைநாட்டக் கூடாது என்றும், அடிமை எனக் கூறி ஒருவரின் சொத்தைப் பறிக்கக் கூடாது என்றும், பிறருக்கு இழைத்தால் குற்றமாகும் செயல் அடிமை எனப்படுபவருக்கு இழைத்தாலும் குற்றமே என்றும் மட்டும் கூறியது. அடிமை வைத்திருப்பது குற்றமாக்கப்படவில்லை. ஆள் வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரியன ஆனது, 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தால் ஆகும். இலங்கை 1844இலும், கொச்சி 1854இலும், திருவிதாங்கூர் 1855இலும் அடிமைமுறையை ஒழித்தன.

அமெரிக்காவைப் போன்ற பிளவு இங்கு எழாமைக்குக் காரணம், அடிமைமுறை மென்மையாக இருந்தது என்பதன்று. நன்செய்ப் பகுதியும் கரிசல் பகுதியும் தனித்தனி ஆட்சி அதிகாரம் பெற்ற மாநிலங்கள் அல்ல. ஒரே ஆட்சியரே இரண்டிலும் வரி தண்டினார். நெல் வயலின் வரியே கருவூலத்துக்கு முக்கியமாக இருந்ததால், அதிகாரிகள் ஆண்டைகளின் உரிமையில் கைவைக்கத் தயங்கினர். சட்டம் வந்தபோதும் ஆண்டைகளிடம் இருந்த நிலமும் சேரி மனையும் அவர்களிடமே இருந்தன. நீதிமன்றம் மட்டுமே அவர்களுக்குக் கைகொடுக்க மறுத்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரும் பருத்தியும்

1840இல் கிழக்கிந்திய நிறுவனம், அமெரிக்கத் தென் மாநிலங்களிலிருந்து பருத்தித் தோட்டக்காரர் பதின்மரை வரவழைத்தது. அவர்களுள் சிலர் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டனர். தாவரவியலாளர் ராபர்ட் வைட் கோயம்புத்தூரில் இம்முயற்சியை மேற்பார்வையிட்டார். அடிமை உழைப்பைச் சார்ந்த நாட்டிலிருந்து வந்த முறைகள், மானாவாரியில் உழும் சிறு விவசாயியிடம் செல்லுபடியாகவில்லை.

1860 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஏறத்தாழ 39.5 லட்சம் அடிமைகள் இருந்தனர். 1861 ஏப்ரலில் தொடங்கிய உள்நாட்டுப் போரில் தென் மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதால், பிரித்தானிய ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து நின்றது. விலை பல மடங்கு உயர்ந்தது. திருநெல்வேலிக் கரிசல் பருத்தி தூத்துக்குடி வழியாகப் பெருமளவில் கப்பலேறியது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. நான்காண்டுகள் இக்கரிசல் விவசாயியின் கையில் காசு புரண்டதற்கு, அவர் பார்த்திராத ஒரு நாட்டில் அடிமைமுறை பற்றி எழுந்த போரே காரணம். அதே மாவட்டத்தின் நெல் வயல்களில் அப்போது பண்ணையாள்கள் இருந்தனர்.

பிற்கால நிலை

ஆண்டை ஓடிப்போன ஆளை நீதிமன்றம் வழியாக மீட்க முடியாது என்றானபின், நன்செய்ப் பகுதித் தொழிலாளர் பலர் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். அங்கே கங்காணியின் முன்பணமும், கடனைக் குறித்துத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய ‘துண்டு’ முறையும் அவர்களைப் பிணைத்தன. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

ஊரில் தங்கியவர்கள் பண்ணையாள், படியாள் என்ற பெயர்களில் கடனுக்காக உழைத்தனர். தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. கடனுக்காக உழைப்பைப் பிணைக்கும் கொத்தடிமை முறை, 1976ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டு, அத்தகைய கடன்கள் அனைத்தும் செல்லாதவை ஆக்கப்பட்டன.