வன்தட்டு பழுதும் தமிழ் எழுத்தும்
பீடோர் போன்ற தோட்டப்புற ஊரொன்றின் பள்ளிக் கணினியில் வன்தட்டு பழுதுற்றால், இயங்குதளத்தை மீட்பது அரிதன்று. புதிய தட்டைப் பொருத்தி, நிறுவற் கோப்புகள் அடங்கிய விரலியால் கணினியைத் தொடக்கினால் போதும். இயங்குதளத்துக்கு உலகெங்கும் படிகள் உண்டு. ஆசிரியர் ஆக்கிய வினாத்தாளுக்கோ, அவரே வேறிடத்தில் சேமித்திருந்தாலன்றிப் படியில்லை.

படி இருந்தும் படிக்கவியலாத நிலை தமிழுக்கு உண்டு. கணினித் தமிழில் மலேசியா முந்திக்கொண்ட நாடு. முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். 1991இல் ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்ற பின்னரும், ஒன்றோடொன்று ஒவ்வாத பல குறிமுறைகள் நெடுநாள் வழங்கின. அவ்வாறு எழுதிய பழங்கோப்பு, உரிய எழுத்துரு இல்லாத புதிய தளத்தில் இலத்தீன் கிறுக்கலாகத் தோன்றும். கோப்பே கெட்டதென்று அதை அழித்துவிடுவோரும் உளர்! உண்மையில் எழுத்து அழியவில்லை. பழைய எழுத்துருவை மீண்டும் நிறுவினால் தமிழ் தெரியும். அதன் குறிமுறை இன்னதென்று அறிந்தால், குறிமாற்றியைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம்.