பாரிஸ் வெய்யிலில் ஒரு நிழற் கதிரை

பாரிஸ் என்றால் குளிர் என்றுதான் ஊரில் இருக்கும்போது நாம் கேள்விப்பட்டிருந்தோம். புதிதாக வந்து சேர்பவருக்கு உறவினர் முதலில் தேடிக் கொடுப்பதும் ஒரு தடித்த குளிர்ச்சட்டைதான். யூலை, ஓகஸ்ட் மாதங்களில் இந்த நகரம் கொதிக்கும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. 2019ஆம் ஆண்டு யூலை 25ஆம் திகதி பாரிசில் வெப்பம் 42.6 பாகை செல்சியஸ் வரை ஏறியது. எங்கள் ஊர்ச் சித்திரை வெய்யிலிலும் காணாத சூடு அது.

ஊரில் வெக்கை தாங்க முடியாவிட்டால் வேப்பமரத்தின் கீழ் பாயைப் போடுவோம். முற்றத்தில் இருந்து கதைப்போம். மாலையானால் ஆண்கள் மதகடியில் கூடுவார்கள். இங்கே எம்மவரில் பலருக்கு முற்றமும் இல்லை, திண்ணையும் இல்லை. ஐந்தாம் மாடியிலோ ஆறாம் மாடியிலோ ஓர் அறை. அதற்கு மேல் கூரை. பாரிஸ் கட்டிடங்களின் கூரைகள் பெரும்பாலும் துத்தநாகத் தகட்டால் ஆனவை. பகல் முழுவதும் குடித்த சூட்டை அந்தத் தகடு கீழே இருப்பவர்களின் தலையில்தான் இறக்கும். 2003 ஓகஸ்டில் வந்த வெப்ப அலையில் பிரான்ஸ் நாட்டில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வயோதிபர்கள். கதவைத் தட்டிப் பார்க்க ஒருவரும் இல்லாமல் தனியே கிடந்து இறந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

ஆகவே கோடையில் எங்கே போய் இருப்பது என்பது உல்லாசப் பயணிகளின் கேள்வி மட்டும் அல்ல. அது எங்களுடைய கேள்வியும்தான். இந்த நகரத்தார் அதற்கு ஒரு வழி கண்டு வைத்திருக்கிறார்கள். அதுதான் தெராஸ்.

தெராஸ் என்பது யாருக்கு?

கபேக்களுக்கு முன்னால் நடைபாதையில் சிறிய வட்ட மேசைகளும் கதிரைகளும் போட்டிருப்பதை வந்த நாள் முதல் காண்கிறோம். அவற்றைத்தான் தெராஸ் என்கிறார்கள். பாரிசின் பழைய கபேக்களில் ஒன்றான புறொக்கோப் 1686இல் தொடங்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஊஸ்மான் என்ற நிர்வாகி அகலமான வீதிகளையும் நடைபாதைகளையும் அமைத்த பின்னர் கதிரைகள் வெளியே பெருகின. 2020இல் கொரோனா முடக்கத்தின் பின்னர் கார் நிறுத்தும் இடங்களிலும் மேசை போட மாநகரசபை அனுமதித்தது. 2021இலிருந்து இந்தக் கோடைகாலத் தெராஸ்கள் ஏப்ரல் முதலாம் திகதி முதல் ஒக்ரோபர் 31 வரை வைக்கப்படுகின்றன. அவை இரவு 10 மணிக்கு மூடப்பட வேண்டும்.

எம்மவர் பலர் அந்தக் கதிரைகளைத் தாண்டி வேலைக்குப் போவார்கள், தாண்டி வீட்டுக்கு வருவார்கள். சிலர் அதே கபேயின் பின்பக்கத்தில் கோப்பை கழுவுவார்கள். ஆனால் முன்பக்கக் கதிரையில் இருக்க மாட்டார்கள். ‘அது வெள்ளைக்காரருக்கு,’ ‘அது காசுக்காரருக்கு,’ ‘பாசை தெரியாது, என்னத்தைக் கேட்கிறது’ என்று மூன்று காரணங்கள் சொல்லுவோம். மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காசு எவ்வளவு?

பல கபேக்களில் ஒரே கோப்பிக்கு இரண்டு விலை உண்டு. கொந்துவார் என்னும் உள்மேடையில் நின்று குடித்தால் ஒரு விலை. மேசையில் அல்லது தெராசில் இருந்து குடித்தால் அதைவிடக் கூடிய விலை. சில இடங்களில் இரவு 10 மணிக்குப் பின் விலை இன்னும் ஏறும். இவை எல்லாம் வாசலில் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே முதலில் விலைப்பட்டியலைப் பாருங்கள், பிறகு இருங்கள். விலை சரிவராவிட்டால் அடுத்த கபேக்கு நடந்து போகலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இந்த நாட்டவரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஈபிள் கோபுரம், சாம்ஸ் எலிசே பக்கங்களில் விலை கூட. எங்கள் சனம் நடமாடும் 10ஆம், 18ஆம், 19ஆம் வட்டாரங்களில் குறைவு.

பட்டியலில் உள்ள விலைக்குள் சேவைக் கட்டணமும் அடங்கும். மேலதிகமாகச் சில்லறை வைப்பது உங்கள் விருப்பம், கட்டாயம் இல்லை. குடிக்க எதையாவது வாங்கினால் குழாய்த் தண்ணீரைக் காசில்லாமல் கேட்கலாம். 2022 சனவரி முதல் உணவகங்களும் கபேக்களும் இதை எழுதிக் காட்ட வேண்டும். ‘உய்ன் கராஃப் தோ, சில் வூ ப்ளே’ என்றால் போதும்.

இன்னொரு விடயம். நீங்கள் கொடுக்கும் காசு கோப்பிக்கு மட்டும் அல்ல, கதிரைக்கும்தான். ஒரு சிறிய கோப்பியோடு ஒரு மணித்தியாலம் இருந்தாலும் பொதுவாக யாரும் எழுப்ப மாட்டார்கள். கேட்கும்வரை கணக்குச் சீட்டையும் கொண்டுவர மாட்டார்கள். இடையில் பரிமாறுபவர் வந்து காசு கேட்டால் துரத்துகிறார் என்று நினைக்க வேண்டாம். அவருடைய வேலை முறை முடிகிறது, கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். தொழிற்சாலையில் முறை மாறி மாறி வேலை செய்யும் எமக்கு இது விளங்காதா?

என்ன கேட்கலாம்?

முதலில் ‘போன்ஜூர்.’ இந்தச் சொல் இல்லாமல் கேட்கும் எதுவும் இங்கே மரியாதைக் குறைவாகப் படும். மாலையானால் ‘போன்சுவார்.’ மேசையில் தட்டு, கத்தி, முள்ளுக்கரண்டி வைத்திருந்தால் அது சாப்பிடுபவர்களுக்கு உரியது. வெறும் மேசையைப் பார்த்து இருங்கள்.

‘உன் கபே’ என்று கேட்டால் சின்னக் கோப்பையில் கடும் கறுப்புக் கோப்பி வரும். பால் விட்டது வேண்டும் என்றால் ‘கபே கிறேம்.’ எங்கள் நாக்குக்கு மிக நெருங்கியது ‘சித்றோன் பிறெசே.’ பிழிந்த தேசிப்புளி ஒரு கிளாசில் வரும், தண்ணீரும் சீனியும் வேறாக வரும். நாமே கலந்துகொள்ளலாம். அம்மா ஊரில் கரைத்துத் தந்த தேசிக்காய்த் தண்ணியேதான். பிள்ளைகளுக்கு ‘மாந்த் ஆ லோ’ என்னும் பச்சை நிறப் புதினாப் பாணி கலந்த தண்ணீர், அல்லது ‘தியபோலோ’ என்னும் பாணி கலந்த சோடா நல்லது. முடிவில் ‘லடிசியோன், சில் வூ ப்ளே’ என்று கணக்கைக் கேளுங்கள். ஐந்தாறு சொற்கள்தான். பாசை படிக்கப் போகும் வகுப்பில் சொல்லித் தரும் பாடத்தைவிட இந்த மேசையில் படிப்பது சீக்கிரம் வாயில் வரும்.

எங்கே போகலாம்?

லாச்சப்பலில் சாமான் வாங்கி முடிந்ததும் பைகளோடு நேரே மெற்றோவுக்குள் இறங்காதீர்கள். இரண்டாம் இலக்கப் பாதையில் அடுத்த தரிப்பு ஸ்ராலின்கிராட், அதற்கடுத்தது யோரெஸ். நடந்தே போகலாம். அங்கேதான் வில்லெத் நீர்த்தேக்கம் தொடங்குகிறது. 1808இல் திறக்கப்பட்ட பெரிய நீர்ப்பரப்பு. இரு கரையிலும் தெராஸ்கள் உண்டு. தண்ணீர்க் காற்று முகத்தில் படும். கோடையில் மாநகரசபை இங்கே ‘பாரிஸ் பிளாஜ்’ என்ற பெயரில் சாய்கதிரைகளும் நிழற்குடைகளும் போடும். காசு இல்லை. 2002இல் செயின் நதிக் கரையில் தொடங்கிய இந்த ஏற்பாடு 2007இல் வில்லெத்துக்கும் வந்தது. 2017 முதல் கோடையில் அங்கே காவலர் மேற்பார்வையில் நீந்துவதற்கும் இடம் ஒதுக்குகிறார்கள்.

அதிலிருந்து தெற்கே சென் மார்த்தன் கால்வாய் போகிறது. 1825இல் திறக்கப்பட்டது. இரு பக்கமும் மரநிழல், வளைந்த இரும்புப் பாலங்கள், மூலைக்கு மூலை கபேக்கள். கிழக்கே போனால் 1867இல் திறக்கப்பட்ட புய்த் சோமோன் பூங்கா. குன்றும் குளமும் புல்வெளியுமாக இருக்கும். பிள்ளைகள் ஓடி விளையாடலாம், பெரியவர்கள் புல்லில் சாயலாம்.

மது மணக்காத இடத்தில் குடும்பமாக இருக்க விரும்புவோருக்கு 5ஆம் வட்டாரத்தில் பெரிய பள்ளிவாசலை ஒட்டிய தேநீர்ச்சாலை மிக நல்லது. பள்ளிவாசல் 1926இல் திறக்கப்பட்டது. மரநிழல் விழும் முற்றத்தில் சின்னக் கிளாசில் சீனி போட்ட புதினாத் தேநீர் தருவார்கள். எந்த மதத்தவரும் போகலாம். அதே வட்டாரத்தில் செயின் நதியோரம் அரபு உலக நிறுவனம் என்ற கட்டிடம் இருக்கிறது. அதன் ஒன்பதாம் மாடி மொட்டைமாடிக்கு ஏறக் காசு இல்லை. நொத்தர்தாம் தேவாலயமும் நதியும் கண்ணுக்கு முன்னே விரியும். ஊரிலிருந்து வந்த பெற்றோரைக் கூட்டிப் போக ஏற்ற இடம்.

காசே இல்லாத நாளில்

ஒப்ரா முடிவுக்குக் காத்திருப்பவர்களிடம் கோப்பிக் காசும் இருக்காது என்பது எமக்குத் தெரியும். அவர்களுக்கும் இந்த நகரம் தண்ணீர்ப்பந்தல் வைத்திருக்கிறது. தெருக்களில் நான்கு பெண் சிலைகள் தலையில் கூரை தாங்கி நிற்கும் பச்சை இரும்புக் குழாய்களைக் கண்டிருப்பீர்கள். 1870-71 போரிலும் முற்றுகையிலும் பாரிஸ் நொந்துபோயிருந்தது. ஏழைகளுக்கு நல்ல தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று றிச்சட் வலஸ் என்ற ஆங்கிலேயர் தன் காசில் 1872இல் வைக்கத் தொடங்கியவை அவை. அவர் இந்த நாட்டவர் அல்லர். போர் பார்த்த ஊரில் ஓர் அந்நியர் வைத்த தண்ணீர் 150 ஆண்டுகள் கடந்தும் ஓடுகிறது. குளிர்காலத்தில் மட்டும் மூடுவார்கள். போத்தலோடு போய் நிரப்பிக்கொள்ளலாம். சில பூங்காக்களில் வாயுவேற்றிய தண்ணீரும் இலவசமாக வரும். வெப்ப அலை நாட்களில் சில பூங்காக்களை இரவிலும் திறந்து வைப்பார்கள்.

எமக்கும் உரிமை உண்டு

தோலின் நிறத்தையோ பிறந்த நாட்டையோ பார்த்து ஒருவருக்குப் பரிமாற மறுப்பது பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம். பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் அப்படிச் செய்தால் ஐந்து ஆண்டு வரை சிறையும் 75,000 யூரோ வரை குற்றப்பணமும் விதிக்கலாம். சண்டை பிடிக்க இதைச் சொல்லவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு இருக்கச் சொல்கிறோம்.

2015ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் திகதி இரவு பாரிசிலும் சென் தெனியிலும் நடந்த தாக்குதல்களில் 130 பேர் கொல்லப்பட்டார்கள். சென் மார்த்தன் கால்வாய்க்கு அருகிலுள்ள தெராஸ்களில் கோப்பை கையிலிருக்கச் சுடப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். எங்கள் லாச்சப்பலிலிருந்து அது நடை தூரம். அந்தச் சத்தத்தை விட்டு ஓடி வந்தவர்கள் நாங்கள். அது இங்கேயும் வந்ததே என்று நெஞ்சு பதறியது. ஆனால் சில நாட்களில் இந்த நகரத்துச் சனம் மறுபடியும் வெளியே வந்து அதே கதிரைகளில் இருந்தார்கள். பூக்களும் மெழுகுதிரிகளும் ஒரு பக்கம், கோப்பி ஒரு பக்கம். வெளியே வந்து இருப்பதையே அவர்கள் பயத்துக்குப் பதிலாகச் சொன்னார்கள். வெளியே கால் வைக்கப் பயந்து வளர்ந்த எங்களுக்கு அதில் படிக்க நிறைய இருந்தது.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று மது. மாலையில் பல கபேக்கள் குறைந்த விலை நேரம் வைத்திருக்கும். மதுவுக்கு விலை குறைத்தால் மது அல்லாத பானத்துக்கும் குறைக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே பியர்தான் மலிவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தனியறையில் தனியே போத்தலோடு இருந்து அழிந்த இளைஞர்களை எமக்குத் தெரியும். நாலு பேரோடு வெளியே இருந்தால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது விற்கக் கூடாது. குடித்தவர் கார் ஓட்டவே வேண்டாம். கால்வாய் ஓரங்களில் சில நேரங்களில் மது அருந்தத் தடை இருக்கும், அறிவித்தலைப் பாருங்கள்.

மற்றது புகை. கபேக்களின் உள்ளே 2008 முதல் புகைக்கத் தடை. திறந்த தெராசில் தடை இல்லை. கைக்குழந்தையோடு போகிறவர்கள் ஓரத்து மேசையைப் பார்த்து இருங்கள். 2025 யூன் மாதக் கடைசியிலிருந்து பொதுப் பூங்காக்களில் புகைக்கத் தடை வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு அது இன்னும் நல்ல இடம்.

வீட்டுக்காரியையும் கூட்டிப் போங்கள்

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் வேலைத்தலத்திலாவது நாலு பேரைக் காண்கிறோம். இடைவேளையில் ஒரு கோப்பி குடிக்கிறோம். வீட்டிலிருக்கும் பெண்கள் காலை முதல் அந்தத் தகட்டுக் கூரையின் கீழேதான் அடுப்போடும் பிள்ளையோடும் வேகுகிறார்கள். ஊரில் அவர்களுக்குக் கிணற்றடி இருந்தது, வேலிக்கு மேலால் கதைக்க அயல் இருந்தது. இங்கே அது இரண்டும் இல்லை. அம்மா, அப்பா, மாமி யாராவது வயது போனவர்கள் கூட இருந்தால் அவர்களுக்கு இன்னும் கடினம். உச்சி வெய்யிலில் வேண்டாம், பொழுது சாயும் நேரம் படியிறக்கிக் கூட்டி வாருங்கள்.

கிழமையில் ஒரு நாள், இரண்டு கோப்பி, பிள்ளைகளுக்கு இரண்டு புதினாத் தண்ணீர். அவ்வளவு செலவில் இந்த நகரம் ஒரு மாலை முழுவதும் எங்களுக்குத் திண்ணை தருகிறது. வருகிற ஞாயிறு பின்னேரமே இறங்கிப் போய்ப் பாருங்கள். பக்கத்து மேசையில் தமிழ்க் குரல் கேட்டால் ஒரு வணக்கம் சொல்லுங்கள். புதிதாக வந்த யாராவது ஒருவர் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கக்கூடும்.