முத்துக் கரையில் புதிய வலை!

தூத்துக்குடியில் "வலை" என்றால் முன்பு ஒரே ஒரு பொருள்தான். கடலில் வீசுவது, மீனை அள்ளுவது. கிழிந்தால் மணலில் உட்கார்ந்து பின்ன வேண்டும். இப்போது அதே கரையில் பிறந்த பிள்ளைகள் வேறொரு வலையைப் பின்னக் கற்கிறார்கள். அதுதான் இணைய வலை!

தூத்துக்குடி படிப்புக்குப் புதிய ஊர் அல்ல. தூய மரியன்னை கல்லூரி 1948-ம் ஆண்டிலும், வ.உ.சிதம்பரம் கல்லூரி 1951-ம் ஆண்டிலும், காமராஜ் கல்லூரி 1966-ம் ஆண்டிலும் தொடங்கின. 1990-ம் ஆண்டில் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. கலைக் கல்லூரி மாணவர்களுக்கும் தொழில் திறன் வேண்டும் என்று 2022-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி "நான் முதல்வன்" திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. 2024-ம் ஆண்டு டிசம்பர் கடைசியில் தூத்துக்குடியிலேயே ஒரு "நியோ டைடல் பூங்கா" திறக்கப்பட்டது. கம்ப்யூட்டர் வேலை என்றால் சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டும் என்ற நிலை மெல்ல மாறி வருகிறது.

வீட்டில் இருந்தே பட்டப்படிப்பு

சென்னை ஐ.ஐ.டி. என்றாலே கடினமான நுழைவுத் தேர்வுதான் நினைவுக்கு வரும். ஆனால் 2020-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி அந்த நிறுவனம் ஒரு புதுமையைச் செய்தது. தரவு அறிவியல் பட்டப்படிப்பை இணையம் வழியாகவே அறிவித்தது. 12-ம் வகுப்பு தேறியவர்கள், எந்தப் பிரிவில் படித்திருந்தாலும் சேர முயலலாம். 10-ம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். முதலில் 4 வாரப் பாடம். அதன் பிறகு தகுதித் தேர்வு. வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். பாடம் வீட்டுக்கே வரும். தேர்வை மட்டும் குறிப்பிட்ட மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும்.

இந்தப் படிப்பில் செயலி உருவாக்கம் பற்றி இரண்டு பாடங்கள் உண்டு. வெறுமனே புத்தகத்தைப் படித்து இவற்றைத் தேறிவிட முடியாது. ஒவ்வொரு மாணவரும் இயங்கக்கூடிய ஒரு செயலியைத் தாமே கட்டிக் காட்ட வேண்டும். பிறகு தேர்வாளர் முன் உட்கார்ந்து, எந்த வரியை ஏன் எழுதினோம் என்று விளக்க வேண்டும். அங்கேதான் பலருக்கு வியர்க்கிறது!

காரணம், வரிகளைப் பெறுவது இன்று எளிது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் கேட்ட மாத்திரத்தில் எழுதித் தருகிறது. ஆனால் "இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டால், அடிப்படை தெரியாதவர் விழிக்கத்தான் வேண்டும்.

தோணி சொல்லும் பாடம்

அந்த அடிப்படைதான் என்ன? தூத்துக்குடிக்காரருக்கு அது மிகவும் பழக்கப்பட்ட விஷயம்.

1974-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் பெரிய கப்பல்கள் கரையை நெருங்க முடியாது, ஆழம் போதாது. கப்பல் தூரத்தில் நங்கூரமிடும். சரக்கு பல தோணிகளில் பிரிந்து கரைக்கு வரும். முதலில் புறப்பட்ட தோணி பிந்தி வரலாம். கடைசித் தோணி முந்தி வரலாம். கரையில் இருக்கும் கணக்கர் பொதியின் குறியைப் பார்த்து வரிசைப்படுத்துவார். ஒரு பொதி குறைந்தால், "அது எங்கே?" என்று கேட்பார்.

இணையத்தில் நடப்பதும் இதுவே! 3 லட்சம் பைட் அளவுள்ள ஒரு படம் அப்படியே வருவதில்லை. சுமார் 1,500 பைட் கொண்ட 200-க்கும் மேற்பட்ட சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. முன்பின்னாக வந்தாலும் கம்ப்யூட்டர் அடுக்கிக்கொள்ளும். ஒன்று தவறினால் அதை மட்டும் மீண்டும் வரவழைக்கும்.

இன்னொரு வேடிக்கை: ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஆயிரக்கணக்கான "துறைகள்" உண்டு. உலகம் முழுவதும் அவற்றைத் துறைமுகம் என்ற பொருள் தரும் "போர்ட்" என்ற சொல்லாலேயே அழைக்கிறார்கள். பாதுகாப்பான இணையப் பக்கத்துக்கு உரிய துறை, 443-ம் எண்!

தோணிக்குப் பலகை இருப்பதுபோல் பக்கத்துக்கு எச்.டி.எம்.எல். என்ற மொழி. வர்ணம் பூசுவது சி.எஸ்.எஸ்.; பாய் விரித்து ஓடச் செய்வது ஜாவாஸ்கிரிப்ட். சரக்கை அடுக்கிவைக்கும் கிட்டங்கிதான் தரவுத்தளம். சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1989-ம் ஆண்டில் எழுதிய ஒரு திட்டத்தில் பிறந்தது உலகளாவிய வலை. 1993-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி செர்ன் அதை எல்லோருக்கும் இலவசமாக்கியது. அதனால்தான் புன்னைக்காயலில் இருக்கும் ஒரு மாணவியும் யாருக்கும் கப்பம் கட்டாமல் ஓர் இணையப் பக்கத்தை எழுதலாம்.

"தூத்துக்கு" என்று ஓர் ஊரா?

அடிப்படை தெரியாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஓர் உதாரணம்.

ஒரு மாணவர் விண்ணப்பப் பக்கம் ஒன்றை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஊர் பெயர்" என்று ஒரு கட்டம். "10 எழுத்து போதும்" என்று அளவு வைக்கிறார். தூத்துக்குடிக்கு 6 எழுத்துதானே, தாராளமாக அடங்கும் என்று அவர் நினைக்கிறார்.

ஆனால் கம்ப்யூட்டர் வேறு விதமாக எண்ணுகிறது. "தூ" என்ற ஓர் எழுத்தை அது தகரம், ஊகாரக் குறி என்று இரண்டாக வைத்துக்கொள்கிறது. "த்" என்பதும் தகரம், புள்ளி என்று இரண்டு. ஆக, நமக்கு 6 எழுத்து; கம்ப்யூட்டருக்கு 12 குறி! சேமிக்கும்போது 36 பைட் பிடிக்கும். பத்தோடு கட்டம் நின்றுவிடுவதால் "தூத்துக்கு" என்று ஊர் பாதியில் நின்றுவிடுகிறது!

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ரேஷன் விண்ணப்பத்திலோ, உதவித்தொகை மனுவிலோ இப்படி நேர்ந்தால் சிரிக்க முடியுமா? பெயர் பொருந்தவில்லை என்று மனு திரும்பிவிடும். ஏழைப் பெண் ஒருத்தி மறுபடியும் பஸ் ஏறி அலுவலகம் போக வேண்டும்.

தமிழ் எழுத்தைப் புதிய கருவியில் ஏற்றும் வேலை இந்தக் கரைக்குப் பழையது. 1578-ம் ஆண்டில் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" என்ற நூலே இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். அதைத் தமிழில் ஆக்கிய அண்டிரிக் அடிகளார் பல ஆண்டுகள் பணியாற்றியது இந்த முத்துக்குளித்துறையில்தான். அன்று ஈயத்தில் வார்த்த எழுத்து, இன்று எண்ணாக மாறியிருக்கிறது.

கடலுக்குள் எட்டாத அலை

கரையில் பெயர் குறைந்தால் அலைச்சல். கடலில் செய்தி குறைந்தால் உயிர்.

2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ஓகிப் புயல் தென்கோடியைத் தாக்கியது. ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. போனவர்களில் பலர் திரும்பவில்லை. கைப்பேசி அலை கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் வரைதான் எட்டும். அதற்கு அப்பால், எவ்வளவு அழகான செயலியும் வெறும் படம்தான்.

ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் மீன் கிடைக்கும் இடங்களையும், அலையின் உயரத்தையும் நாள்தோறும் கணித்துச் சொல்கிறது. ஓகிக்குப் பிறகு, 2019-ம் ஆண்டு அக்டோபரில், "ஜெமினி" என்ற சிறு கருவி அறிமுகமானது. அது "ககன்" செயற்கைக்கோள் வழியாக வரும் செய்தியைப் பிடித்து, புளூடூத் மூலம் மீனவரின் கைப்பேசிக்குக் கொடுக்கும். கைப்பேசியில் உள்ள செயலி அதைப் படித்துக் காட்டும்.

செயலி எழுதக் கற்கும் மாணவருக்கு இதைவிடப் பெரிய பாடம் வேறு இல்லை. அலை அறுந்தால் திரை வெறுமையாக நிற்கக் கூடாது. கடைசியாக வந்த எச்சரிக்கையைக் கைப்பேசியிலேயே சேமித்து வைக்க வேண்டும். அது எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் காட்ட வேண்டும். நேற்றைய செய்தியை இன்றையது என்று நம்பி ஒருவர் கடலில் இறங்கிவிடக் கூடாது அல்லவா? உப்புத் தண்ணீர் பட்ட விரலுக்குச் சிறிய பொத்தான் உதவாது. பெரிதாக வைக்க வேண்டும். வெயிலில் கண் கூசாமல் படிக்க, எழுத்தும் பின்னணியும் பளிச்சென்று வேறுபட வேண்டும்.

இவற்றை நகரத்து அறையில் உட்கார்ந்திருப்பவர் யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தந்தை கடலுக்குப் போன இரவுகளில் தாய் விழித்திருந்ததை அந்தப் பிள்ளை பார்த்திருக்கிறது. கரையின் அறிவு அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது. கல்லூரி கொடுக்க வேண்டியது கருவியின் அறிவை மட்டுமே.

மூச்சடக்கி இறங்க வேண்டும்

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ம் ஆண்டில். கல்லைக் காலில் கட்டி, மூச்சடக்கி இறங்கியவர்களே சிப்பியோடு எழுந்தார்கள். மேலே மிதந்தவர் யாருக்கும் முத்து கிடைத்ததில்லை.

இந்தப் படிப்பும் அப்படித்தான். இன்று பிரபலமாக இருக்கும் கருவி 5 ஆண்டில் பழசாகிவிடும். அதை மட்டும் மனப்பாடம் செய்தவர் அப்போது மீண்டும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். பொட்டலம் எப்படி வருகிறது, எழுத்து எப்படிச் சேமிக்கப்படுகிறது, அலை அறுந்தால் என்ன ஆகிறது என்று அறிந்தவர், எந்தப் புதிய கருவியையும் சில வாரங்களில் பழகிக்கொள்வார்.

அப்படி ஒரு பிள்ளை ஊருக்கு ஒன்று உருவானால் போதும். அந்த ஊர்த் தோணி புறப்படும் முன், கைப்பேசித் திரையில் நல்ல தமிழில், பெரிய எழுத்தில் எச்சரிக்கை தெரியும்: "இன்று கடலுக்குப் போக வேண்டாம்!"