பனி விலகும் வரை கரையில் உட்கார்ந்திருங்கள்

மார்கழி விடியலில் ஐந்தே முக்காலுக்கு ஒட்டுக்குளத்தின் கரையேறினால் அங்கே குளம் இருக்காது. கரைக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாக ஒன்று நிற்கும். அதற்குள்ளிருந்து நாமக்கோழி ஒன்று கொக்கரிப்பதும், ஏதோ ஒரு பறவை தண்ணீரைக் கிழித்து இறங்குவதும் கேட்கும். கேமராப் பையைத் திறக்க அது நேரமல்ல. உடுமலையிலிருந்து தளி சாலையில் வரும் இளைஞர்கள் பலர் இந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு, “பனி சாஸ்தியா இருக்குதுங்க, திருமூர்த்தி மலைக்குப் போயிறலாம்” என்று வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். அங்கே போய்ச் சேருவதற்குள் இங்கே பனி விலகி, அன்றைய நாளின் மிக அழகான அரைமணி நேரம் முடிந்துபோகிறது.

அந்தப் பனி எங்கிருந்தோ மிதந்து வருவதில்லை. குளமே அதைத் தயாரிக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வானம் மேகமில்லாமல் திறந்துகிடக்கும். பகலில் வாங்கிய வெப்பத்தை மண் இரவில் விறுவிறுவென்று இழந்துவிடும். தண்ணீர் அப்படியல்ல, மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுவது அதன் குணம். விடியும் நேரத்தில் கரையில் கை விறைக்கும், குளத்துக்குள் கை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனைமலையின் சரிவுகளில் குளிர்ந்து கனத்த காற்று இரவு முழுக்கப் பள்ளம் நோக்கி வழிந்து இறங்குகிறது. அது குளத்தின் மேலுள்ள ஈரக்காற்றோடு கலந்ததும் நீராவி நுண்துளிகளாகத் திரள்கிறது. குளிர்காலத்தில் சுடுதண்ணீர் அண்டாவின் மேல் ஆவி பறப்பதும் இதே கணக்குத்தான்.

இந்த வெள்ளை கேமராவை ஏமாற்றும். எதிரே இருப்பது எதுவானாலும் நடுத்தரச் சாம்பல் நிறம்தான் என்ற நினைப்பில் அது ஒளியை அளக்கும். அதனால் பனி அழுக்குத் துணி போலப் படத்தில் விழும். ஒளியளவை ஒரு படி கூட்டி வைத்தால் போதும். காரின் ஏசியிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படிந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். கால்மணி நேரம் பைக்குள்ளேயே விட்டு, வெளிச்சூட்டுக்கு வரவைப்பது நல்லது.

குளிர்கால ஒளியைப் பற்றிப் படித்துவிட்டு வருகிறவர்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும் குளிர்காலம் வேறு. லண்டனில் டிசம்பர் கடைசியில் உச்சிவேளைச் சூரியனே தொடுவானிலிருந்து 15 பாகைதான் ஏறும். நாள் முழுக்கச் சாய்ந்த ஒளி. உடுமலை இருப்பது வடக்கே பத்தரைப் பாகையில். இங்கே அதே நாளில் உச்சிச் சூரியன் 56 பாகையில் நிற்கும். தலைக்கு நேர் மேலே நிற்கும் சித்திரை வெயிலோடு ஒப்பிட்டால் அது மெத்தென்று இருக்கும், ஆனால் சாய்ந்த ஒளி ஆகாது. நமக்குச் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறிவிடுவதால், பொன்னிற வெளிச்சம் உதயத்திலிருந்து முக்கால் மணி நேரம் நின்றாலே பெரிது.

அந்த முக்கால் மணி எப்போது தொடங்கும் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21-ஐ ஒட்டி வருகிறது. அன்றுதான் சூரியன் மிகத் தாமதமாக எழும் என்று நினைப்போம். உடுமலையில் அப்படியில்லை. மிகத் தாமதமான உதயம் ஜனவரி கடைசியில் வருகிறது, ஏறத்தாழ 6.45-க்கு. டிசம்பர் 21-இல் எழுவதைவிடச் சுமார் பத்து நிமிடம் பிந்தி. பூமியின் பாதை நீள்வட்டம். ஜனவரித் தொடக்கத்தில் அது சூரியனுக்கு மிக அருகில் வந்து வேகமாக ஓடுகிறது. அதோடு அச்சின் சாய்வும் சேர்ந்துகொள்ள, உச்சிப்பொழுதே கடிகாரத்தில் நாளுக்கு நாள் தள்ளிப்போகிறது. பகல் நீளத் தொடங்கிய பிறகும் விடியல் பின்வாங்குவது இதனால்தான்.

உடுமலைக்காரர்களுக்கு இன்னொரு கொடுப்பினையும் இருக்கிறது. மலை ஊருக்குத் தெற்கே இருக்கிறது. மார்கழிச் சூரியன் நேர் கிழக்கில் எழுவதில்லை. தெற்குப் பக்கம் 24 பாகை அளவுக்குத் தள்ளி எழுகிறது. குளத்துக் கரையில் மலையைப் பார்த்து நின்றால் ஒளி இடக்கைப் பக்கமிருந்து, மலை முகத்தை உரசிக்கொண்டு வரும். ஒவ்வொரு முகடும் ஒரு நிழலைப் போடும். மடிப்பு மடிப்பாக மலை பிரிந்து தெரியும். ஆனி மாதத்தில் சூரியன் வடக்கே போய்விடுவதால் அதே மலை தட்டையான ஒற்றைப் பலகையாகிவிடும். மழை பெய்து ஓய்ந்த மறுநாளென்றால் இன்னும் விசேஷம். காற்றிலிருந்த தூசியை மழை கழுவியிருக்கும். அடுத்த சில நாட்களில் குளிர்காற்று தரையோடு படுத்துக்கொண்டு புகையையும் தூசியையும் மூடிவைக்கத் தொடங்கும், மலை மங்கும்.

மலையைத் தண்ணீரில் பிடிக்க நினைப்பவர்கள் கரை மேல் நின்றபடி எடுப்பதைப் பார்க்கிறேன். இறங்கி வந்து, முட்டி போட்டு, முடிந்தால் படுத்தே எடுங்கள். தண்ணீரை நேர் மேலிருந்து பார்க்கும்போது விழுந்த ஒளியில் நூற்றுக்கு 2 பங்குதான் திரும்பி வருகிறது. நீர்ப்பரப்பிலிருந்து பத்துப் பாகைச் சாய்வில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்பும். கண்ணாடி என்று நாம் சொல்வது தண்ணீரை மட்டுமல்ல, நாம் இருக்கும் உயரத்தையும் பொறுத்தது. வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று அசையும், அலை எழும், அந்தக் கண்ணாடி உடையும்.

இப்படித் தாழ்ந்து உட்கார்ந்திருந்த ஒரு தை மாதக் காலையில்தான் பறவைகளைச் சரியாகப் பார்க்கக் கற்றேன். முந்தைய ஆண்டுகளில் நானும் துரத்தியிருக்கிறேன். கரையோரமாகக் குனிந்து போவேன்; ஊசிவால் வாத்துக் கூட்டம் எழும்; படபடவென்று எடுப்பேன்; எல்லாப் படத்திலும் வால்தான் இருக்கும். பரிசல்காரர் ஒருவர் என் பாட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏனுங்க, அதுகள எதுக்குங்க முடுக்குறீங்க? மதகுகிட்ட உக்காந்துக்கோங்க. அரைமணி கழிச்சு அதுகளே வந்துருமுங்க.” வந்தன.

அவர் சொன்னதற்குப் பின்னால் அறிவியல் இருக்கிறது. பகலில் குளத்து நடுவில் கழுத்தை முதுகில் புதைத்துக் கிடக்கும் வாத்துகள் சோம்பேறிகள் அல்ல. ஊசிவாலும் கிளுவையும் பெரும்பாலும் இரவில் மேய்கின்றன. பகல் அவற்றுக்கு ஓய்வுப் பொழுது. ஒருமுறை எழுப்பிவிட்டால், சும்மா கிடப்பதற்குச் செலவாவதைப் போலப் பல மடங்கு ஆற்றல் சிறகடிப்பில் கரைகிறது. மாசி, பங்குனியில் இது இன்னும் முக்கியம். ஊர் திரும்பும் முன் அவை உடலில் கொழுப்பைச் சேர்க்கும் காலம் அது. நாம் ஒரு படத்துக்காகச் செலவழிக்க வைப்பது அந்தப் பயணத்தின் கட்டுச்சோற்றை.

அந்தப் பயணம் லேசானதல்ல. தமிழகத்துக்கு வலசை வரும் வரித்தலை வாத்து இமயமலையைக் கடந்து வருகிறது. அதன் உடலில் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வில் 7,290 மீட்டர் உயரம் வரை பறந்தது பதிவானது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். மெல்லிய காற்றிலும் ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்ளும் ரத்தம் அதற்கு வாய்த்திருக்கிறது. நம் சோளக்காடுகளில் மொய்க்கும் சூறைக்குருவிகளோ மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு மேற்கிலிருந்தும் வருகின்றன. பொழுது சாயும்போது அவை கூட்டமாக வானில் சுருண்டு விரியும். இத்தாலியில் இவற்றின் உறவான கருமைனாக் கூட்டங்களைப் பல கேமராக்களால் படமெடுத்து ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு பறவையும் தனக்கு மிக அருகிலுள்ள ஆறேழு பறவைகளை மட்டுமே கவனித்துத் திரும்புகிறது என்று 2008-இல் வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கான பறவைகளின் அசைவுக்குத் தலைவன் கிடையாது. அந்த முடிவைத் தந்தது புகைப்படம்.

அமராவதி அணைப் பக்கம் போனால் குளிர்காலத்தின் வேறொரு முகம் தெரியும். முதலைக்கு உடலுக்குள் அடுப்பு இல்லை. வெயிலைத்தான் கடன் வாங்க வேண்டும். அதனால் குளிர்ந்த காலைகளில் சதுப்புநில முதலைகள் கரையேறி அசையாமல் வெயில் காய்கின்றன. எட்ட இருந்து நீள லென்ஸில் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அங்கிருந்து மூணாறு சாலையில் ஒன்பதாறு சோதனைச் சாவடி தாண்டினால் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் காடு. யானை சாலையைக் கடக்கும் இடத்தில் வண்டியை நிறுத்திக் கைப்பேசியோடு இறங்குகிறவர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வருகிறது. வெயில் ஏறும் முன் தண்ணீருக்குப் போகும் குட்டியுள்ள கூட்டத்தின் வழியை அடைப்பது படமெடுப்பதாகாது.

மா. கிருஷ்ணன் (1912–1996) ஆனைமலையிலும் முதுமலையிலும் யானைகளைக் கருப்பு வெள்ளையில் எடுத்தவர். பல பாகங்களை இணைத்துத் தானே அமைத்துக்கொண்ட கனத்த கேமராவோடு நடந்தே திரிந்தார். அவர் படங்களில் விலங்கு அலங்காரப் பொருளாக நிற்பதில்லை; அது என்ன செய்துகொண்டிருந்தது என்பது தெரியும். அப்படிப்பட்ட படங்கள் சான்றாகவும் பயன்படுகின்றன. நம் மாவட்டத்தின் நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததற்குப் பின்னால் உள்ளூர் ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் எடுத்த படங்களும் எழுதிய பட்டியல்களும் இருக்கின்றன. தளி வாய்க்காலில் தண்ணீர் வாங்கும் உடுமலையின் ஏழு குளப் பாசனத்துக்கும் அப்படியொரு தொடர் பதிவு சேர வேண்டும்.

அதற்கு வாகான நாட்கள் பொங்கலை ஒட்டி வருகின்றன. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து, கண்ட பறவைகளையெல்லாம் எண்ணி ‘இ-பேர்ட்’ தளத்தில் ஏற்ற வேண்டும். பெயர் தெரியாததைப் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். போன பொங்கலன்று அதே மதகருகே உட்கார்ந்தேன். ஏழரைக்குப் பனி தண்ணீரிலிருந்து ஒரு முழம் எழுந்தது. அடியில் முதலில் தெரிந்தவை கால்கள்: நெடுங்கால் உள்ளானின் சிவப்புக் கால்கள், அவற்றின் தலைகீழ் நிழல்களோடு. பன்னிரண்டு எண்ணினேன். மூடி கழற்றாத கேமரா மடியிலேயே இருந்தது. பதின்மூன்றாவது பறவை பனிக்குள்ளிருந்து நடந்து வந்தபோதுதான் அதைக் கையில் எடுத்தேன்.